சுரப்புக் குறையும் மாணவன் பணப்பையும்

நீரிழிவுக்காரர் ஒருவர் விருந்துப் பந்தியில் அமர்ந்து, "எனக்குப் பாயசம் வேண்டாம், இன்சுலின் போட்டுக்கொள்கிறேன்" என்று உரக்கச் சொல்லுவார். கேட்பவர் யாரும் முகம் சுளிப்பதில்லை. தைராய்டுச் சுரப்பி மந்தமாகிவிட்ட பெண்மணி நாள்தோறும் காலையில் மாத்திரை விழுங்குவதை வீட்டார் அனைவரும் அறிவர். இன்சுலினும் ஒரு ஹார்மோன். தைராக்ஸினும் ஒரு ஹார்மோன். அதே வரிசையில் வைத்து எண்ணத்தக்க டெஸ்ட்டாஸ்ட்டிரோன் ஒருவனுக்குக் குறைந்துவிட்டால் மட்டும் அவன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். நண்பனிடம் சொல்லான், மருத்துவரிடம் பாதி சொல்லுவான், மருந்துக் கடையில் விலை விசாரிக்கவும் கூசுவான். விலை விசாரிக்காதவனுக்கு எப்போதும் அதிக விலையே வாய்க்கும்.

இதை எழுதுபவனும் அம்மருந்தை எடுத்துக்கொள்பவனே. ஆதலின் இக்கட்டுரை ஏட்டுப் படிப்பால் மட்டும் எழுந்ததன்று. அம்மருந்து எத்தகையது, அது தேவையா என்று அறிவது எவ்வாறு, ஊரைவிட்டு வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன் அதன் செலவை எவ்வாறு தாங்குவது என்பனவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

சேவலில் தொடங்கிய ஆராய்ச்சி

1849-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்னும் அறிஞர் இளஞ்சேவல்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். விரைகளை நீக்கிவிட்ட சேவல் கொண்டை சுருங்கி, கூவலும் சண்டையும் மறந்து நின்றது. அகற்றிய விரையை வயிற்றினுள் வேறோர் இடத்தில் வைத்தபோதோ, அது மீண்டும் கூவியது, கொண்டையும் சிவந்தது. நரம்புத் தொடர்பு அறுந்துபோன நிலையிலும் இது நிகழ்ந்தமையால், விரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் வேலை செய்கிறது என்பது புலனாயிற்று.

அப்பொருளைத் தனியே பிரித்தெடுக்க இன்னும் 86 ஆண்டுகள் ஆயின. 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் என்பாரின் குழுவினர் காளைகளின் விரைகளிலிருந்து அதைத் தூய படிகமாகப் பெற்று, டெஸ்ட்டாஸ்ட்டிரோன் எனப் பெயரிட்டனர். அதே ஆண்டிலேயே பூட்டனான்ட், ருஷிச்கா ஆகிய இருவரும் தனித்தனியே கொலஸ்ட்ராலிலிருந்து அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். 1939-ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு இவ்விருவருக்கும் அளிக்கப்பெற்றது.

ஆணின் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம் வரை இதனைச் சுரக்கிறது. ஓராண்டுக்குக் கூட்டினாலும் இரண்டு கிராமை ஒட்டியே நிற்கும். இச்சிறு அளவுதான் குரலை முதிரச் செய்கிறது. மீசை தாடிகளைத் தருகிறது. தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டுகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் பெருகத் துணை செய்கிறது. ஊக்கத்தையும் உறக்கத்தையும் சீராக வைக்கிறது. இதனை வெறும் 'ஆண்மை' விவகாரமாகக் கருதிப் பலர் நகைக்கின்றனர். எலும்பு நொறுங்கத் தொடங்கும்போது நகைப்புக்கு இடமில்லை.

இச்சுரப்பு குறைவதற்குக் காரணங்கள் பல. 500 முதல் 1000 ஆண் குழந்தைகளில் ஒன்று, எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்று மிகுதியாகப் பெற்றுப் பிறக்கிறது. இதுவே கிளைன்ஃபெல்ட்டர் நிலை எனப்படும். பொன்னுக்கு வீங்கி கண்ட சிலருக்கு விரை அழற்சி ஏற்பட்டுச் சுரப்பு கெடலாம். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியே விரைகளுக்குக் கட்டளையிடுவது. அதில் கட்டி தோன்றினாலும் சுரப்பு நின்றுபோகும். எனக்கு நேர்ந்தது இக்கடைசி வகை. 17-ஆம் வயதில் கட்டியை அறுத்து எடுத்தார்கள். மற்றச் சுரப்புகள் பிழைத்தன, இஃதொன்று பிழைக்கவில்லை.

ஒரு பேதைமையின் கதை

என் தந்தையார் கோவைப் பக்கத்துப் பஞ்சாலையில் தொழிலாளி. தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தின்படி அவர் குடும்பத்துக்கு மருத்துவம் இலவசம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அம்மா என்னை அழைத்துச் செல்வார். ஊசி போட்டுக்கொண்டு வருவேன். அதன் விலை என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

படிக்கும் பிள்ளைக்கு அத்திட்டத்தின் பயன் 21 வயது வரையில்தான். எனக்கு 21 நிறைந்ததும், நான் முதுநிலைப் படிப்புக்காகத் தில்லிக்கு ரயிலேறியதும் ஒரே கோடையில் நிகழ்ந்தன. இங்கே வந்து தனியார் மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் தோளில் பூசிக்கொள்ளும் களிம்பை எழுதிக் கொடுத்தார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை, நல்ல மருந்துதான். கடைக்காரர் தொகையைச் சொன்னபோது என் விடுதி உணவுக் கட்டணம் நினைவுக்கு வந்தது. இருந்தும், 'இதைவிட மலிவாக வேறு உண்டா?' என்று கேட்க நா எழவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் மருந்தின் பெயரைக் கேட்டுவிடுவார்களே என்ற கூச்சம்!

இரண்டு மாதம் வாங்கினேன். மூன்றாம் மாதம் பணம் இல்லை. வீட்டுக்கு எழுதினால் அம்மா நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவார் என்று அறிவேன். 'கொஞ்ச நாள் நிறுத்தினால் என்ன ஆகிவிடும்?' என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். என்ன ஆயிற்றென்றால், பட்டப்பகலில் உடல் திடீரெனக் கனன்றது, மாடிப்படி மலையாயிற்று, சோதனைச்சாலையில் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே வெறித்து நின்றேன். அப்பருவத் தேர்வில் ஒரு தாளில் தவறினேன். நான்கு மாதங்கள் இவ்வாறு கழிந்தன.

பிறகு உறுதி செய்துகொண்டு, அரசுப் பெருமருத்துவமனை ஒன்றின் வரிசையில் விடியற்காலையில் போய் நின்றேன். அங்கே பணி செய்யும் நாகர்கோவில் செவிலியர் ஒருவர் என் சீட்டிலிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"ஏன் தம்பி, நாலு மாசமா மருந்தே எடுக்கலியா?"

"களிம்புக்குப் பணம் போதல, அக்கா."

"ஊசி போடக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நான் கேக்கவும் இல்ல."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அன்று மாலையே மருத்துவர் எண்ணெய் ஊசி எழுதினார். களிம்புக்கு ஒரு மாதத்தில் நான் கொடுத்ததில் ஒரு சிறு பகுதியே அதற்குச் செலவாயிற்று. உள்ளே சென்ற மூலக்கூறு இரண்டிலும் ஒன்றே. இதுதான் நான் வெட்கப்படத்தக்க செய்தி, நோய் அன்று.

விலை மருந்துக்கா, வண்டிக்கா?

இரசாயனம் படிப்போர் இவ்விடத்தைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். டெஸ்ட்டாஸ்ட்டிரோனை அப்படியே விழுங்கினால், குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று, பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். ஆகவே அதை வேறு வழியில் உள்ளே அனுப்ப வேண்டியுள்ளது. மூலக்கூற்றுக்கு ஒரு கொழுப்பமில வாலைப் பூட்டி எஸ்டராக மாற்றி, எண்ணெயில் கரைத்துத் தசையில் செலுத்தினால், அது அங்கே தேங்கிச் சிறிது சிறிதாக இரத்தத்தில் இறங்கும். வால் நீளமாயின் இறங்குவதும் மெதுவாகும்.

மருந்துக்கான மூலப்பொருள் இன்று கிடைத்தற்கரியதன்று. ஒரு காலத்தில் மெக்ஸிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்தனர். இக்காலத்தில் சோயா போன்ற தாவர எண்ணெய்களின் ஸ்டீரால்களை நுண்ணுயிர்களைக் கொண்டு மாற்றிப் பெறுகின்றனர். ஆதலின் நாம் கொடுக்கும் விலையின் பெரும்பகுதி மருந்துக்கன்று. அதைச் சுமந்துவரும் வண்டிக்கே. நம் நாட்டில் வழங்கும் வண்டிகள் நான்கு.

ஒன்று, குறுகிய கால எண்ணெய் ஊசி. 250 மி.கி. எனந்தேட் எஸ்டரில் ஏறத்தாழ 180 மி.கி. டெஸ்ட்டாஸ்ட்டிரோன் உண்டு. இரண்டு முதல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவது வழக்கம். பல எஸ்டர்களைக் கலந்த ஊசியும் இவ்வகையினதே. எண்ணெய், தயாரிப்புக்குத் தக்கபடி ஆமணக்கெண்ணெயாகவோ நல்லெண்ணெயாகவோ கடலையெண்ணெயாகவோ இருக்கும். கடலை ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு, நெடுங்கால ஊசி. 1000 மி.கி. அண்டெக்கனோயேட் எஸ்டர், முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, அதன்பின் 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று.

மூன்று, களிம்பு. நூற்றுக்கு ஒரு பங்கு வீதமுள்ள 5 கிராம் களிம்பில் 50 மி.கி. மருந்து இருந்தாலும், தோல் வழியே உள்ளே போவது பத்தில் ஒரு பங்குதான். எஞ்சியது சட்டைக்கும் குளியல் நீருக்குமே சேரும். பூசிய இடம் பிறர்மேல், குறிப்பாகப் பெண்கள் குழந்தைகள்மேல், படாமலும் காக்க வேண்டும்.

நான்கு, அண்டெக்கனோயேட் மாத்திரை உறை. இதில் மருந்து நிணநீர் வழியே செல்வதால் கல்லீரலுக்குத் தப்புகிறது. ஆனால் கொழுப்புள்ள உணவோடு உண்டால்தான் உட்கொள்ளப்படும். வெறும் வயிற்றில் விழுங்குவது பணத்தை விழுங்குவதாகும்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். பின்வரும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை; உண்மை விலை பெட்டியின்மேல் அச்சாகியிருக்கும். குறுகிய கால ஊசி ஒன்று 300 ரூபாய் எனக் கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு ஏறத்தாழ 17 ஊசி; செலவு 5,100 ரூபாய். நெடுங்கால ஊசி 4,000 ரூபாயாயின், ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து. செலவு 16,000 முதல் 20,000 வரை. களிம்பு நாளொன்றுக்கு 100 ரூபாயாயின் ஆண்டுக்கு 36,500. உறை ஒன்று 25 ரூபாயாக நாளுக்கு மூன்று உண்டால் 27,375. எண்களை உங்கள் ஊர் விலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் முறை மாறாது. 'பெட்டி என்ன விலை?' என்பது தவறான கேள்வி. 'ஓர் ஆண்டுக்கு என்ன ஆகும்?' என்பதே சரியான கேள்வி. அவ்வாறு கேட்டால் பெரும்பாலும் குறுகிய கால ஊசியே மலிவாக நிற்கும்.

மலிவானது எல்லார்க்கும் ஏற்றது என்று கொள்ளலாகாது. இவ்வூசி போட்ட சில நாள் ஊக்கம் உச்சத்தில் இருக்கும். அடுத்த ஊசிக்கு முன் சோர்வு தோன்றும். சிவப்பணுக்கள் மிகுந்து இரத்தம் தடிப்பதும் ஊசியில் சற்று அதிகம். எனவே தேர்வு மருத்துவருடையது. ஆனால் 'என்னால் மாதம் இவ்வளவுதான் இயலும்' என்று சொல்லுவது நம் கடமை. நாம் சொல்லாவிடின் அவருக்கு அது தெரிய வழியில்லை.

முதலில், தேவைதானா?

செலவைக் குறைக்கும் வழிகளில் தலையாயது, தேவையற்ற மருந்தை வாங்காதிருத்தல். சோர்வு கண்டவுடன் டெஸ்ட்டாஸ்ட்டிரோன் குறைவு என்று முடிவு கட்டுவோர் இன்று பெருகியுள்ளனர். முறையான வழி வேறு. குறிகளும் இருக்க வேண்டும்; காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் அளவும் குறைந்திருக்க வேண்டும்; அதுவும் வெவ்வேறு நாளில் இருமுறை. ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018-இல் வகுத்த எல்லை. மாலையில் எடுத்த இரத்தம் இயல்பாகவே குறைவு காட்டும்; அப்பரிசோதனைக்குக் கொடுத்த பணம் வீண். முதற்படிக்கு மொத்த டெஸ்ட்டாஸ்ட்டிரோன் ஒன்றே போதும். அது குறைவென்று உறுதியானபின் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகியவற்றைப் பார்த்துக் காரணத்தைத் தேடுவார்கள். நாற்பது ஐம்பது பரிசோதனைகளைச் சேர்த்துக் கட்டி விற்கும் பொதிகள் நமக்கு வேண்டுவதில்லை.

2011-இல் வெளிவந்த சிகாகோ ஆராய்ச்சி ஒன்றை விடுதி மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. நலமான இளைஞர் பத்துப் பேரை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரமே உறங்கச் செய்தபோது, அவர்களுடைய பகல்நேர அளவு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வீதம் வரை தாழ்ந்தது. தேர்வுக் காலத்தில் நாம் எல்லோரும் செய்வது அதுதானே! இத்தகையோருக்கு மருந்து தலையணை, விலை ஏதுமில்லை. உடற்பருமனால் குறைந்தவர்க்கு எடை குறைந்தால் சுரப்பு ஏறும்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து இம்மருந்தைச் செலுத்தினால், பிட்யூட்டரி 'போதுமான அளவு இருக்கிறது' என்று எண்ணித் தன் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். நலமாயிருப்பவன் உடற்பயிற்சிக் கூடத்து நண்பன் சொல் கேட்டுத் தசை பெருக்க ஊசி போட்டுக்கொண்டால், இருந்த சுரப்பையும் கெடுத்துக்கொள்ள நேரும். பின்னாளில் மகப்பேறு வேண்டுவோருக்கு வேறு ஊசிகள் உண்டு. மருத்துவம் தொடங்குமுன்பே அதைப் பேசிவிடுவது முறை.

சீட்டும் கடையும்

ஆண்பால் ஹார்மோன்கள் நம் நாட்டில் 'எச்' அட்டவணையில் உள்ளவை. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது. சீட்டில் ஒரு வணிகப் பெயர் எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தம் விருப்பப்படி கொடுக்க விதி இடந்தராது. ஆகவே மலிவான தயாரிப்பு பக்கத்து அலமாரியிலேயே இருந்தாலும் நமக்குக் கிட்டாது. இதற்குத் தீர்வு மருத்துவரின் மேசையிலேயே உள்ளது. மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தருமாறு பணிவுடன் கேளுங்கள். பொதுப்பெயரில், தெளிவாக எழுத வேண்டும் என்பது மருத்துவர்களின் ஒழுக்க விதிகளில் 2016-இல் சேர்க்கப்பட்டதே. நாம் கேட்பது சலுகையன்று.

பெட்டியில் அச்சிட்ட விலையில் வரியும் அடக்கம். அதற்குமேல் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளின்மீதான சரக்கு சேவை வரி பொதுவாக 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேராத மருந்தாயினும், 2013-ஆம் ஆண்டு ஆணைப்படி உற்பத்தியாளர் ஓராண்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் விலையை ஏற்ற முடியாது. திடீரென விலை இருமடங்காயிற்று என்று யாரேனும் சொன்னால் பழைய பெட்டியைக் காட்டிக் கேட்கலாம். காலிப் பெட்டியை எறியாதீர்கள், அதுவே சாட்சி.

எய்ம்ஸ் போன்ற பெருமருத்துவமனைகளின் வளாகத்தில் 'அம்ரித்' என்னும் கடைகள் உள்ளன. 2015-இல் தொடங்கிய இவற்றை மைய அரசின் எச்.எல்.எல். நிறுவனம் நடத்துகிறது; அச்சிட்ட விலையிலும் குறைத்து விற்கிறது. மக்கள் மருந்தகங்களில் சுண்ணாம்புச் சத்து, டி வைட்டமின் போன்ற எலும்புக்கான மாத்திரைகள் மிக மலிவு. எந்தக் கடையில் எம்மருந்து உண்டென்பதைச் 'சுகம்' என்னும் செயலியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

ஊசி போடும் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மருந்தையும் சீட்டையும் எடுத்துச் சென்றால் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திலேயே போட்டுவிடுவார்கள். நான் அங்குதான் போட்டுக்கொள்கிறேன்.

மருத்துவம் தொடங்கியபின் செய்யும் பரிசோதனைக்கும் நேரம் உண்டு. குறுகிய கால ஊசியாயின் இரண்டு ஊசிகளுக்கு நடுநாளில். நெடுங்கால ஊசியாயின் அடுத்த ஊசிக்குச் சற்று முன். களிம்பாயின் பூசிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள். நாள் தவறிக் கொடுத்த இரத்தம் பொய் சொல்லும். மறுபடியும் பணம் கட்ட நேரும். இரத்தத் தடிப்பைக் காட்டும் சாதாரண அணுக்கணக்கு அதிகச் செலவில்லாதது, அதைத் தவறவிடலாகாது. சிவப்பணுக்களின் பருமன் நூற்றுக்கு 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைப்பார்கள்.

நமக்குள்ள உரிமைகள்

முதற்கண், உங்கள் தந்தையோ தாயோ எங்கே பணிபுரிகிறார் என்று பாருங்கள். மைய அரசு ஊழியராயின், அவரைச் சார்ந்துள்ள மகனுக்கு, மணமாகாமலும் சம்பாதிக்காமலும் இருக்கும்வரை, 25 வயது வரை மைய அரசு நலவாழ்வுத் திட்டத்தின் பயன் உண்டு. ரயில்வே ஊழியரின் பிள்ளைகளுக்கு ரயில்வே மருத்துவமனைகள் உள்ளன. ஈட்டுறுதித் திட்டத்தின் 21 வயது எல்லையை என் கதையிலேயே கண்டீர்கள். அந்த நாள் வருமுன்பே மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை தருவது உண்மையே. ஆயினும் அது மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கு உரியது. மாதாந்திர ஊசிக்கு உதவாது. கல்லூரிகள் மாணவர்க்கு எடுக்கும் கூட்டுக் காப்பீடும் பெரும்பாலும் அத்தகையதே. இதை அறியாமல் அட்டையை நம்பி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

ஆணாக வாழும் திருநம்பியர் நம் மாணவர் நடுவிலும் இருக்கலாம். அவர்களுக்கும் வேண்டுவது இதே மருந்துதான். ஹார்மோன் சிகிச்சைக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு விதித்தது. தேசிய இணைய வாயிலின் சான்றிதழ் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஹார்மோன் சிகிச்சையையும் உள்ளடக்கிய காப்பீட்டுக்கு 2022 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இவை எவையும் பொருந்தாதவர்க்கு அரசுப் பெருமருத்துவமனையே புகல். தில்லியில் எய்ம்ஸ், சண்டிகரில் பி.ஜி.ஐ., லக்னோவில் சஞ்சய் காந்தி நிலையம், காசியில் இந்துப் பல்கலைக்கழக மருத்துவமனை, மும்பையில் கே.ஈ.எம்., கொல்கத்தாவில் எஸ்.எஸ்.கே.எம். ஆகிய இடங்களில் சுரப்பியியலுக்கெனத் தனித்துறை உண்டு. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சென்னை அரசுப் பொது மருத்துவமனையையோ புதுவை ஜிப்மரையோ நாடலாம். இங்கெல்லாம் வரிசை நீளம், பொறுமை வேண்டும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு காலைப்பொழுதை அங்கே செலவிட்டால், தனியார் ஆலோசனைக் கட்டணம் முழுதும் மிச்சம். பழைய அறிக்கைகளை ஒரு கோப்பில் தைத்து எடுத்துச் செல்லுங்கள். செய்த பரிசோதனையையே மறுபடி செய்யும் செலவு தப்பும்.

செய்யத்தகாத சிக்கனங்கள்

சிக்கனம் என்ற பெயரில் சிலர் மூன்று வார ஊசியைத் தாமாகவே ஆறு வாரமாக்குவர். ஒரு குப்பியை உடைத்துப் பாதி போட்டு, மீதியை அலமாரியில் வைப்பர். அதில் கிருமி புகும். சீட்டின்றி உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் குப்பியை வாங்குவர். அதனுள் இருப்பது மருந்தா வெறும் எண்ணெயா என்று சொல்லவல்லார் இல்லை. நான் செய்ததுபோல் முற்றிலும் நிறுத்திவிடுவோரும் உண்டு. சில மாதம் சோர்வோடு போகும். ஆண்டுகள் ஆனால் எலும்பு மெலிந்து, சிறு தடுக்கலிலும் முறியும். அதற்கான செலவு ஊசியைப்போல் பன்மடங்கு.

ரயில் பாதைச் சுவர்களில் 'இழந்த வலிமையை மீட்டுத் தருகிறோம்' என்று எழுதியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அத்தகைய விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் தடை செய்துவிட்டது. சுவர் மட்டும் சட்டம் படிக்கவில்லை! அந்த லேகியத்துக்குக் கொடுக்கும் தொகையில் பல மாத ஊசி வாங்கலாம்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

இதுவரை கூறியவற்றைச் சுருக்கினால் நான்கே அடிகள். இருமுறை காலைப் பரிசோதனையால் தேவையை உறுதி செய்துகொள்க. ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு, மருத்துவருடன் கலந்து வண்டியைத் தேர்ந்துகொள்க. பொதுப்பெயரில் சீட்டு வாங்குக. பெற்றோர் பணியாலோ சட்டத்தாலோ அரசு மருத்துவமனையாலோ கிடைப்பதைக் கேட்டுப் பெறுக. இந்நான்கிலும் பொதிந்துள்ள சொல் 'கேள்' என்பதுதான். நான் கட்டிய மிகப் பெரிய தொகை களிம்புக்கன்று; கேளாமைக்கே.

நம் சங்கத்தால் ஆகக்கூடியது ஒன்றுண்டு. சங்க அறையில் ஒரு குறிப்பேடு வைப்போம். எந்த மருத்துவமனையில் எந்தத் துறை எந்நாளில் பார்க்கிறார்கள், சீட்டுக்கு எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எந்தக் கடையில் எம்மருந்து என்ன விலை என்பவற்றை அறிந்தோர் எழுதிவைக்கட்டும். பெயர் எழுத வேண்டுவதில்லை. இன்சுலின், தைராக்ஸின், காக்காய் வலிப்பு மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை ஆகிய எல்லாவற்றுக்கும் அது பயன்படும். இந்தி தெரியாத புது மாணவருடன் முதல் தடவை மருத்துவமனைக்கு உடன் செல்லவும் இருவர் முன்வர வேண்டும். அவ்விருவரில் ஒருவனாக என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம்.

தவறிய தாளை மறு பருவத்தில் எழுதித் தேறிவிட்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் மருத்துவ நிலையத்துக்குச் செல்கிறேன். "எங்கே போகிறாய்?" என்று கேட்கும் நண்பர்களிடம், "ஊசி போட" என்கிறேன். "என்ன ஊசி?" என்று கேட்டால் அதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் சிரிக்கவில்லை. அவர்களுள் ஒருவர், தயங்கித் தயங்கி, எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.